டப்பாவில் இருந்த பல்செட்டு

தார்ன்ராய்டு, யார்க்ஷயர்
30 ஏப்ரல் 1957

அன்புள்ள மருமகன் கிளெமுக்கு,

நான் சொன்னேனா இல்லையா? உன்னைத் தடை செய்வார்கள் என்றேன், செய்தார்கள். பன்னிரண்டு வருஷம் தார்ன்ராய்டு ரக்பி அணியின் முன்வரிசையில் தலையைக் கொடுத்தவனை நம் கிளப் தலைவர் கைகழுவுவார் என்றேன், சோப்புப் போட்டே கழுவினார். நீ கப்பலேறி ஆஸ்திரேலியா போவாய் என்று உனக்கு ஒன்பது வயதிலேயே உன் அம்மாவிடம் சொன்னவன் நான். என் தங்கை அன்று சிரித்தாள். இருந்திருந்தால் இன்று ஒப்புக்கொண்டிருப்பாள்.

இங்கே நான் நலம், முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் நோராவும் கப்பலில் வாந்தி இல்லாமல் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லையடா. லீட்ஸில் தோல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த ஒழுங்குக் குழுக் கோட்டுக்காரர்கள் மூன்று பேரும் ஒரு தடவையாவது ஸ்க்ரமுக்குள் தலையை விட்டிருப்பார்களா? பிப்ரவரி 23, கோப்பை ஆட்டம், இடைவேளை முடிந்து பத்து நிமிஷம். தலையும் தோளும் பின்னி முட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தீர்கள். எழுந்தபோது ஸ்கெல்பி அணியின் ராம்ஸ்டன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். பாதிக் காது தொங்குகிறது. "கடிச்சுட்டான்! ஹெப்வர்த் கடிச்சுட்டான்!" என்று உன்னைக் காட்டி ஒரே கத்தல். வாளியும் ஈரப்பஞ்சுமாக முதலில் ஓடியவன் நான்தான். எவனுடைய பூட்ஸ் ஆணியோ கிழித்த கிழிசல் அது. முப்பது வருஷமாக அடிபட்டவர்களைத் துடைத்துவிடும் பஞ்சுக்காரனுக்குத் தெரியாதா?

அதுவும் எதை வைத்துக் கடிப்பாய்? உனக்கு இருபத்தொன்று முடிந்த அன்று, இந்த ஊர் வழக்கப்படி, வாயில் இருந்த பல் அத்தனையையும் பிடுங்கவைத்து, மேலும் கீழும் பல்செட்டு வாங்கிப் பரிசாகக் கொடுத்தவள் உன் அம்மா. ஆட்டத்துக்கு முன் பல்செட்டுக்காரர்கள் எல்லாரும் வரிசையில் வந்து என்னிடம்தான் கழற்றிக் கொடுப்பீர்கள். உன்னுடையது அன்று என் புகையிலை டப்பாவில், இடது உள்சட்டைப் பையில், என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. ஈறை வைத்துக்கொண்டு வெந்த உருளைக்கிழங்கைக் கடிக்கலாம், ராம்ஸ்டனின் காதைக் கடிக்க முடியுமா?

மார்ச் 14 விசாரணைக்கு நான் மட்டும் வந்திருந்தால் மூன்று பேரும் மேஜைக்கு அடியில் ஒளிந்திருப்பார்கள். என்ன செய்ய, அன்று காலை முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. டாக்டரே தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

உன்மேல் பழி போட்டவன் எவன் என்று கண்டுபிடிக்காமல் நான் தூங்கப்போவதில்லை. நோராவுக்கு என் அன்பு.

உன் மாமா,
ஆமோஸ் ஓல்டுராய்டு


மரிண்டா, ஆஸ்திரேலியா
26 மே 1957

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நோராவும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நோரா தினம் கேட்கிறாள்.

இந்த ஊர் முழுக்கக் கோதுமை. கிளப்காரர்கள் ரயிலடிக்கே வந்து மாலை போடாத குறையாகக் கூட்டிப் போனார்கள். மாவு மில்லுக்குப் பின்னால் வீடு கொடுத்திருக்கிறார்கள். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பது என்று பேச்சு. நான் பூட்ஸ் கட்டிக்கொண்டு நின்ற முதல் சனிக்கிழமை சிட்னியிலிருந்து தந்தி வந்தது. இங்கிலாந்தில் போட்ட தடை இங்கேயும் செல்லுமாம். தடை நீங்கும்வரை களத்தில் கால் வைக்கக்கூடாது. இந்த ஊர்க் கிளப் தலைவர் நல்ல மனுஷன். "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பாக்கறோம் தம்பி, அதுக்கு மேல அந்த வீட்டுக்கு ஆடற ஆள்தான் வேணும்" என்றார். நான் இப்போது மில்லில் மூட்டை தூக்குகிறேன்.

அதனால் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். உங்களிடம் எனக்கு இரண்டு காரியம்.

ஒன்று: பல்செட்டு எங்கே இருந்தது, எதில் இருந்தது, யார் வைத்திருந்தது என்று உங்கள் கையெழுத்தோடு லீட்ஸ் அலுவலகத்துக்கு நாலு வரி. அழகாக வேண்டாம். நாலே வரி.

இரண்டு: அன்றைக்கு விசாரணையில் "எனக்குப் பல்லே இல்லையே" என்று நான் சொன்னதும் குழுத் தலைவர் ஒரு காகிதத்தைப் புரட்டிவிட்டு, "எங்களுக்கு நம்பகமான தகவல் இருக்கு" என்றார். என்ன தகவல், யார் தந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பழைய குற்றங்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தார். கடற்கரை விடுதிக் கதவைப் பெயர்த்தேனாம். மேயரின் தொப்பியைக் கால்வாயில் எறிந்தேனாம். நம் கிளப் தலைவரின் காரைக் கவிழ்த்தேனாம். மாமா, கதவு ஈரத்தில் இறுகியிருந்தது, தள்ளினேன், தாழ்ப்பாள் கழன்றது. தொப்பியைக் காற்று அடித்துப்போனது, பிடிக்க ஓடினேன். கார் சேற்றில் மாட்டியது, தள்ளிவிட்டேன், சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. இதையெல்லாம் இப்படித் திரித்து அவர்களிடம் சொன்னது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறாதீர்கள்.

அன்புடன்,
கிளெம்


தார்ன்ராய்டு
9 ஜூன் 1957

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் வரும் என்று அன்று காலையே தேநீரில் இலை மிதந்ததைப் பார்த்துச் சொன்னேன். தபால்காரன் அசந்துபோய்விட்டான். நலம். முழங்கால்தான் இடதிலிருந்து வலதுக்கு மாறியிருக்கிறது. டாக்டர் மருத்துவப் புத்தகத்திலேயே இப்படி இல்லை என்கிறார்.

மூட்டை தூக்குகிறாயா? உன்னையா? படித்தபோது என் கையில் இருந்த ரொட்டி நசுங்கிப்போனது. தார்ன்ராய்டு காளை என்று பத்திரிகைக்காரன் எழுதியது யாரை? அந்தப் பெயரைக் கொடுத்ததே நான்தான், அது வேறு விஷயம்.

கதவு, தொப்பி, கார் எல்லாம் ஊரே சிரிக்கும் கதைகள்தானே, அதில் என்ன குற்றம்? நான் சொல்வதில் தாழ்ப்பாளுக்குப் பதில் கதவு முழுசாக வரும், அவ்வளவுதான். கேட்கிறவனுக்குக் கொஞ்சம் சதை வேண்டாமா?

இப்போது முக்கியமான விஷயம். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். வேறு யார், உன் அணித்தலைவன், உன் உயிர் நண்பன் ஹெர்பர்ட் ஸைக்ஸ்தான். போன செவ்வாய் பார்வையாளர் கூரைக்குக் கீழே அந்த ஒழுங்குக் குழு ஆள் ஒருவனோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் நேராகப் போனேன்.

"என்ன ஹெர்பர்ட், பெரிய இடத்துப் பழக்கமா?"

"டிக்கெட் எங்க வாங்கறதுன்னு கேட்டாரு மாமா. காமிச்சேன்."

"சிரிச்சியே?"

"சிரிச்சாக் குத்தமா? நீங்கதான ஊருக்கே சிரிப்புக் காட்டறவரு."

முகத்தைப் பார்த்துச் சொன்னான் கிளெம், அந்த முகத்தில் குற்றம் அப்படியே வெயில் மாதிரி அடித்தது. நீ இல்லாவிட்டால் முன்வரிசையில் அவன் தம்பிக்கு இடம், புரிகிறதா? நான் இதை ஜனவரியிலேயே மோப்பம் பிடித்தேன்.

நாலு வரி அடுத்த தபாலில். உன் பல்செட்டு என் கோட்டின் உள்பையில், அந்தச் சிவப்பு மிட்டாய் டப்பாவில் பத்திரமாக இருந்ததை நான் மறப்பேனா?

குடலும் வெங்காயமும் வேகவைத்திருக்கிறேன், அடுப்பு கூப்பிடுகிறது. நோராவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா,
ஆமோஸ்


மரிண்டா
23 ஜூன் 1957

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். முழங்காலுக்கு நோரா யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டி தனியாக அனுப்பியிருக்கிறாள். இரண்டு வேளை தேய்க்க வேண்டுமாம். எந்தக் கால் என்று தெரியாததால் இரண்டுக்கும் போதுமான அளவு.

நாலு வரி வரவில்லை. முதலில் புகையிலை டப்பா, உள்சட்டைப் பை என்றீர்கள். இப்போது மிட்டாய் டப்பா, கோட்டுப் பை என்கிறீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது புகையிலை டப்பா. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, பென்சிலால் அவரவர் பெயர் எழுதியிருப்பீர்கள். எதுவோ ஒன்று, தயவுசெய்து ஒன்றையே சொல்லுங்கள்.

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். மில்லில் ரொட்டி நேரத்தில் ஒருவன் தன் காது இரண்டையும் பொத்திக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்காருவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். "டேய், அவனுக்குப் பசிக்குது, தள்ளி ஒக்காரு" என்பான் இன்னொருவன். நானும் சிரித்து வைக்கிறேன். நேற்று கடையில் ஒரு பொம்பளை நோராவிடம், "உன் புருஷன் வீட்லயும் இப்படித்தானா கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து இவள் கடைக்குப் போவதில்லை.

நான் பன்னிரண்டு வருஷத்தில் செய்த ஒரே உண்மையான குற்றம் எது தெரியுமா? விலா எலும்பு உடைந்த பையனை ஊசி போட்டு ஆடச் சொன்னதற்காக, உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் நம் ஊர்க் கிளப் தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதைத்தான் நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அதில் சிரிப்பு இல்லை போலிருக்கிறது.

ஹெர்பர்ட்டுக்கு எழுதிவிட்டேன். அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுதினேன். அவன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பன், இனி அதுவும் இல்லை என்று எழுதினேன். தபால்பெட்டியில் போட்டும் விட்டேன்.

நாலு வரி, மாமா.

கிளெம்


தார்ன்ராய்டு
4 ஜூலை 1957

அன்பு மருமகனுக்கு,

நலம். தைலம் வந்தது. அதன் மகிமையை எப்படிச் சொல்வேன், மூடியைத் திறந்ததுமே தெருக்கோடியில் இருந்த நாய்க்கு நொண்டல் சரியாகிவிட்டது. நோராவுக்கு ஆயிரம் நன்றி. என் கால் கொஞ்சம் பிடிவாதக்காரக் கால், நாளாகும்.

லீட்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நான் நாலாவது வகுப்போடு நிறுத்தியவன் என்று யாரும் சொல்ல முடியாது. நாலு வரி போதாது கிளெம், அது நீதிமன்றம் மாதிரி ஒரு இடம், எடுபட வேண்டாமா? ஆறு பக்கம். நகலை வைத்திருக்கிறேன், ஒரு இடம் மட்டும் கேள்: "கனவான்களே, நாற்பதாயிரம் பேர் மூச்சை அடக்கி நின்ற அந்த மைதானத்தில், என் மருமகனின் பல்செட்டு இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டு, அதன் சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது." எப்படி? எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஹெர்பர்ட் வந்தான். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"இத எழுதச் சொன்னது யாரு?"

"எம் மருமகனுக்கு எழுதத் தெரியாதா?"

"அவனுக்கு எழுதத் தெரியும். இப்பிடி எழுதத் தெரியாது." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "மாமா, அன்னிக்கு சாயங்காலம் பப்ல நானும் இருந்தேன்."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. இருந்தேன்னு சொன்னேன்."

போய்விட்டான். என்ன உளறல் பார். குற்றமுள்ளவன் பேச்சு இப்படித்தான் முன்னும் பின்னும் இல்லாமல் இருக்கும்.

நீ சீக்கிரம் களத்தில் இறங்குவாய். நான் சொன்னால் நடக்கும்.

உன் மாமா,
ஆமோஸ்


மரிண்டா
21 ஜூலை 1957

மாமாவுக்கு,

நலம். முழங்கால் தேவலையா?

லீட்ஸிலிருந்து பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "ஓல்டுராய்டு அவர்களின் வாக்குமூலம் ஏற்கத்தக்கதாக இல்லை. அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் ஆறாயிரம் பேர். மேலும் இதே நபர், ஆட்டம் நடந்த அன்று மாலை பொதுமதுக்கடையில் பதினோரு பேர் முன்னிலையில், இடைவேளையின்போது ஹெப்வர்த் கை நீட்டிப் பல்செட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு களமிறங்கியதாகத் தம் வாயாலேயே கூறியுள்ளார்."

மூன்று தடவை படித்தேன். நோராவைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்து, அதன்மேல் தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

இடைவேளையில் நான் உங்கள் பக்கமே வரவில்லை மாமா. புருவம் கிழிந்து ஆம்புலன்ஸ்காரர்களின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு தையல். அசையாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஹெர்பர்ட். தையல் போட்ட கிழவர் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார் என்று எழுதியிருந்தார்கள். பாக்கி இருக்கும் ஒரே சாட்சி ஹெர்பர்ட்தான். உங்கள் பேச்சைக் கேட்டு நான் அவனுக்கு எழுதிய எழுத்துக்கு இனி எந்த முகத்தோடு அவனிடம் கேட்பேன்?

கடைசி விசாரணை ஆகஸ்ட் 22, லீட்ஸ். கப்பலேறி வர எனக்கு நாள் இல்லை.

ஒரே கேள்வி. அன்று பப்பில் என்ன சொன்னீர்கள்?

கிளெம்


தார்ன்ராய்டு
31 ஜூலை 1957

அன்பு மருமகனுக்கு,

நலம். இங்கே விடாத மழை. மைதானத்தில் வாத்து நீந்துகிறது. போன ஞாயிறு உன் அம்மாவின் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டினேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் என் தலையில்.

கிளப் தலைவர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். பச்சை. பார்த்தாலே எரிகிறது.

இந்தத் தபால் நிலையப் பேனா சரியில்லை, கை வலிக்கிறது. நோராவைக் கேட்டதாகச் சொல்.

மாமா


மரிண்டா
11 ஆகஸ்ட் 1957

ஆமோஸ் ஓல்டுராய்டுக்கு,

நலம் விசாரிக்க மனசு இல்லை.

வாத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கேட்டது வாத்தைப் பற்றி இல்லை.

விசாரணை அன்று நான் சொன்னது உனக்குத் தெரியாது. "என் மாமா வருவாரு, அவரைக் கேளுங்க" என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் காத்திருந்தார்கள். முழங்கால் என்று பிறகு தெரிந்ததும் உன்மேல் கோபப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். அன்றைக்கு நீ மட்டும் வந்திருந்தால், அது ஒரு தமாஷ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இங்கே மூட்டை தூக்க மாட்டேன்.

கதவு கதையை நீ சொன்னபோது நானும்தான் சிரித்தேன். தொப்பிக்கும் சிரித்தேன். உன்னால் எனக்கு ஒரு பேர் வந்தது என்று பெருமைப்பட்டேன். அந்தப் பேரைத்தான் அவர்கள் விசாரித்தார்கள். என்னை யாரும் விசாரிக்கவே இல்லை.

31ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். நோரா இப்போதே பாத்திரங்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். குழந்தை நவம்பரில். இதை உனக்குச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. உன்னிடம் உண்மையாக ஒரு வரி இருந்தால், அதை லீட்ஸுக்கு எடுத்துக்கொண்டு போ.

கிளெமென்ட் ஹெப்வர்த்


தார்ன்ராய்டு
23 ஆகஸ்ட் 1957

அன்புள்ள கிளெமுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். 'நீ' என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். உனக்கும் நோராவுக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

தந்தி இதற்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும். தடை நீங்கிவிட்டது. நீ ஆடலாம். எப்படி நீங்கியது என்பதை என் வாயால் நீ கேட்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் ஹெர்பர்ட் வீட்டுக்குப் போனேன். மேட்டுத் தெரு உச்சிக்கு நடந்தே போனேன். அவன் கொல்லையில் பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஆமோஸ், எதுக்கு வந்திருக்க?" என்றான். மாமா என்று சொல்லவில்லை.

"லீட்ஸுக்கு வரணும் நீ."

"வரமாட்டேன்னா?"

"வரணும்."

"யோவ், என்னைக் காட்டிக்குடுத்தவன்னு எழுத வெச்சுட்டு, இப்ப எனக்கே சாட்சி சம்மனா? அன்னிக்கு பப்ல நாற்காலி மேல ஏறி நின்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அந்தக் குழு ஆளோட மச்சான் மூலையில ஒக்காந்திருந்தான். நான் கண்ணக் காமிச்சேன். நீ நிறுத்தல."

"பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க."

அவன் கையிலிருந்த பீட்ரூட்டின் மண்ணைத் தட்டினான். பிறகு, "உனக்காக வரல. அவன் எழுதின எழுத்துக்கு அவனுக்காகவும் வரல. தலையப் புடிச்சது நான், அதனால வரேன்" என்றான்.

நேற்று லீட்ஸ். அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். இல்லை, ஒன்பது பேர். நான் மேஜையில் ஓங்கி அறைந்து பேசலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உள்ளே போனதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். குழுத் தலைவர் என் ஆறு பக்கத்தையும் விரித்து வைத்திருந்தார்.

"மிஸ்டர் ஓல்டுராய்டு, பப்ல சொன்னது பொய்யா, இதுல எழுதியிருக்கறது பொய்யா?"

"ரெண்டும்."

"அப்ப எது உண்மை?"

"புகையிலை டப்பா. உள்சட்டைப் பை. அவன் கேக்கல, நான் குடுக்கல."

"பின்ன எதுக்குப் பப்ல அப்படிச் சொன்னீங்க?"

"சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூடியில் உன் பெயர் பாதி அழிந்து இன்னும் இருக்கிறது. அதை அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், என்னை ஒருவரும் நம்பவில்லை கிளெம். முப்பது வருஷமாக நான் சொல்லிப் பழகாத உண்மையை முதல் தடவை சொன்னேன், அது என் வாயில் ஒட்டவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பிறகு ஹெர்பர்ட் எழுந்தான். கொட்டகை, ஏழு தையல், மணி அடித்ததும் அங்கிருந்து நேராகக் களம், பல்செட்டு பக்கமே போகவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அவன் பேசியது. நம்பிவிட்டார்கள்.

எனக்கும் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். இனி எந்த மைதானத்திலும் நான் வாளி தூக்கக்கூடாது. திரும்பும்போது பஸ்ஸில் ஹெர்பர்ட் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு ஒரு கடிதம் எழுது. அழகாக வேண்டாம். நாலு வரி.

பப்பில் சொன்ன கதையை இப்போதும் என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. நீ கை நீட்டுகிறாய், நான் டப்பாவைத் திறக்கிறேன், நீ மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய். அவ்வளவு தடவை சொல்லிவிட்டேன். ஆனால் நீ கை நீட்டவில்லை. அது உனக்கே தெரியும், ஊருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

நோரா அனுப்பிய தைலப் புட்டி முத்திரை உடையாமல் அலமாரியில் இருக்கிறது. நாய் கதையும் பொய். மார்ச் 14 அன்று காலை முதல் பஸ்ஸிலேயே நான் லீட்ஸ் வந்துவிட்டேன். உன் விசாரணை நடந்த கட்டடத்தின் இரண்டாம் மாடிவரை ஏறினேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. "நம்பகமான தகவல் இருக்கு" என்று குழுத் தலைவர் சொன்னது கேட்டது. அது எந்தத் தகவல், யார் வாயிலிருந்து வந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு உன் குரல் கேட்டது. "என் மாமா வருவாரு, அவரைக் கேளுங்க."

எழுந்தேன். இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன்.

முழங்கால் நான் இட்டுக்கட்டியது.

ஆமோஸ்